பெகிமாயின் ஏழாவது அப்பா

அத்தியாயம் ஐந்து

சனிக்கிழமை கல்யாணம். அன்று புதன். மணப்பெண் பெகிமாய் எங்கள் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை தைலாக்கின் அம்மா போன மாதம் தன் கையாலேயே போட்டுவிட்ட தோடுகளைத் திருப்பித் தரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. கழற்றமாட்டேன் என்று இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கையை எடும்மா. நான் கேக்குறது உன் காதுல விழணும்ல?" என்றாள் உல்கான் அக்கா.

"எடுத்தா பிடுங்கிடுவாங்க."

"இங்கே யாரு பிடுங்கப் போறா? மெலிஸா? அவன் காதுல ஓட்டையே கிடையாது."

மெலிஸ் என்பது நான். அக்காவின் உதவியாளன், டிரைவர், பல சமயம் அவளுடைய நகைச்சுவைக்கு மூலப்பொருள். நரின் மாகாணத்தில் மாடு திருடு போனால் போலீஸைக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியல் பொய் சொன்னால் உல்கான் அக்காவைக் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடம் மின்வாரியத்தில் மீட்டர் கணக்குப் பட்டியல்களோடு மல்லுக்கட்டியவள். மனிதர்கள் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், பட்டியல் பொய் சொன்னால் அதுக்கு முகம் கிடையாது, அதனால் புத்தி வேண்டும் என்பாள். முகத்தைப் பார்த்துப் பொய் கண்டுபிடிப்பதும் அவளுக்கு நன்றாகவே வரும் என்பது என் சொந்த அனுபவம்.

"நடந்ததைச் சொல்லு," என்றாள்.

பெகிமாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். அவளுடைய ஊரான கொச்கோரில் குலச்சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் மார்லென், ஊரில் உள்ள ஆறாயிரத்துச் சொச்சம் பேரின் வம்சாவளியையும் வீடு வீடாகக் கேட்டு ஒரு டேட்டாபேஸில் ஏற்றி வைத்திருக்கிறார். கல்யாணம் நிச்சயமானால் அவரிடம் போய்க் காகிதம் வாங்க வேண்டும். பெண்ணின் ஏழு அப்பாக்கள், பையனின் ஏழு அப்பாக்கள். அப்பா ஒன்று, அவருடைய அப்பா இரண்டு, அப்படியே மேலே. இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆள் யாராவது ஒருவருடைய ஏழுக்குள் வந்துவிட்டாலும் அவர்கள் அண்ணன் தங்கை. கல்யாணம் கிடையாது.

"வந்துட்டாரா?" என்றாள் அக்கா.

"கல்மிர்சான்னு ஒருத்தர். தைலாக்குக்கு எட்டாவது அப்பா. அது பரவாயில்லை. ஆனா எனக்கு ஏழாவது." மறுபடி காதைப் பொத்திக்கொண்டாள். "ஒரே ஒரு படி, அக்கா! அந்த மனுஷன் இன்னும் ஒரு படி மேலே ஏறிப் பொறந்திருக்கக் கூடாதா?"

"உனக்கு உன் ஏழு பேரும் மனப்பாடம்தானே?"

"மூணு வயசுலேர்ந்து. அதுதானே கொடுமை. எண்ணிப் பாத்தா எனக்கும் ஏழுதான் வருது."

நான் இருமினேன். "அக்கா, பொண்ணும் ஏழுங்குது, கம்ப்யூட்டர் பெட்டியும் ஏழுங்குது. இதுல நமக்கு என்ன வேலை? தோடு கழட்ட ஒரு கை கொடுத்துட்டுக் கிளம்பலாம்."

பெகிமாய் என்னைப் பார்த்த பார்வையில் நான் மிச்சமிருந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பப் போனேன்.

* * *

குலச்சங்கம் நூலகத்துக்குப் பின்னால் இரண்டு அறை. கம்பளிக் குல்லாய் வைத்த ஒரு மனிதர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். மார்லென் அவர்தான்.

"பதினாலு வருஷ உழைப்பு," என்றார். "ஒரு எழுத்து தப்பிருக்காது. பொண்ணு அழுதான்னு தாத்தாவை மாத்த முடியுமா?"

"மாத்த வரலை, அண்ணே. பாக்கத்தான் வந்தேன். பாத்தா தேயுமா?"

"தேயாது." ஆனால் தேய்ந்துவிடும் என்கிற முகத்தோடுதான் நாற்காலியைத் தந்தார்.

அக்கா உட்கார்ந்தாள். முதலில் டேபிளை, அதாவது அந்தப் பட்டியலைத் திறந்தாள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. வரிசை எண், பேர், பிறந்த வருடம், அப்பா, அம்மா, அம்மா பிறந்த வருடம், இன்னும் சில கட்டங்கள். பிறகு மார்லென் எழுதி வைத்திருந்த க்வெரியைத் திறந்தாள். க்வெரி என்பது பெட்டியிடம் கேட்கும் கேள்வி. இவளுடைய அப்பா யார், அவருடைய அப்பா யார், அவருடைய அப்பா யார் என்று ஏழு தரம் கேட்டுக்கொண்டே மேலே ஏறும். பெகிமாயின் எண்ணைக் கொடுத்து ஓட்டினாள்.

முதல் வரியில் ஏழு பேர். கடைசியில் கல்மிர்சா.

"பாத்தாச்சா?" என்றார் மார்லென்.

அக்கா திரையைக் கீழே உருட்டினாள். இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது. உருட்டிக்கொண்டே போனாள்.

"அண்ணே, இது எத்தனை வரி?"

"முதல் வரியைத்தான் நான் அச்சடிப்பேன்."

"முப்பத்தாறு வரி வருது. அப்பா வழியில ஒரு பொண்ணுக்கு ஒரு பாட்டன்தானே இருக்க முடியும்? இவளுக்கு முப்பத்தாறு கொடிவழி இருக்கு."

"பணக்கார வீட்டுப் பொண்ணு போலிருக்கு," என்றேன் நான்.

மார்லென் குல்லாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

அக்கா 'அப்பா' கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "இங்கே அப்பாவோட பேரை எழுதி வெச்சிருக்கீங்க. இவளோட மூணாவது அப்பா ஜுமாபெக். இந்த ஊர்ல ஜுமாபெக் எத்தனை பேர்?"

"செத்தவங்களையும் சேத்தா... ஒம்பது."

"பெட்டி ஒம்பது பேரையும் அப்பான்னு கூப்பிடுது. அது என்ன பண்ணும், பாவம்? நீங்க ஒவ்வொரு ஆளுக்கும் எண் கொடுத்திருக்கீங்க. அப்பா கட்டத்துல அந்த எண்ணைப் போட்டிருந்தா யாரும் யாரோடயும் குழம்ப மாட்டாங்க. மெலிஸ், பெகிமாய்க்குப் போன் பண்ணி வரச் சொல்லு."

எனக்குக் கொண்டாட்டம். மார்லெனின் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ ஒரு ஜுமாபெக்கின் பரம்பரையை இவள் தலையில் கட்டிவிட்டார்கள், கேஸ் முடிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு நரின் போய்விடலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அக்கா அப்பாவின் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்தாள். ஒரே பேர் ஒருவருக்கு மட்டும் இருந்த இடங்களைப் பெட்டியே நிரப்பிக்கொண்டது. பேர் மோதிய இடங்களில் மார்லெனை உட்காரவைத்து, எந்த ஜுமாபெக், எந்த வருடத்து ஜுமாபெக் என்று பழைய நோட்டைப் பார்த்துச் சொல்லவைத்தாள். இரண்டு வீட்டாரின் வழியும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் பெகிமாய் வந்து கதவோரம் நின்றாள். நான் அவளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அக்கா க்வெரியை ஓட்டினாள்.

ஒரே ஒரு வரி. சுத்தமாக, தெளிவாக, எண்ணோடு எண் பொருந்தி. குபாத், சுல்தனாலி, ஜுமாபெக், அப்புறம் மூன்று பேர், ஏழாவது கல்மிர்சா.

என் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூக்கைச் சொறிந்துகொண்டேன்.

"முப்பத்தஞ்சு பொய்யைத் துரத்தினீங்க," என்றார் மார்லென். அவர் குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. "உண்மை நின்னுடுச்சு. நன்றி. இனிமே என் டேபிள் இன்னும் நல்லா இருக்கும்."

பெகிமாய் அழவில்லை. காதில் கையும் வைக்கவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்தபடி தரையைப் பார்த்தாள். அழுதபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. அந்தக் கட்டைவிரலை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

* * *

மார்லென் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் தேநீரும் வைத்தார். ஜெயித்தவர் தாராளமாக இருப்பார் அல்லவா. அக்கா போர்சோக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்க அக்கா. பசிச்ச வயித்துல தோல்வி இறங்காது."

"மெலிஸ், ஒரு பட்டியல் தப்பா இருக்கான்னு அதையே கேட்டா அது சொல்லுமா?"

"என்னைக் கேட்டா நான் சொல்வேனா?"

"நீ சொல்ல மாட்டே. ஆனா உன் சட்டைக் காலர் சொல்லும். அதனால நாம கேக்க வேண்டியது அதுக்கு முக்கியமில்லாத கேள்வி." போர்சோக்கை வைத்துவிட்டு விசைப்பலகையை இழுத்தாள். "ஒவ்வொரு பிள்ளை பிறந்தப்பவும் அம்மாவுக்கு என்ன வயசு? அவ்வளவுதான். பெரிய வயசு மேலே வரட்டும்."

பிள்ளை பிறந்த வருடத்திலிருந்து அம்மா பிறந்த வருடத்தைக் கழிக்கும் சின்ன க்வெரி. ஓட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

"ஐம்பத்தெட்டு வயசுல பிரசவமா?"

"கீழே பாரு."

ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு. ஐம்பத்தைந்து வயதில் மூன்று பேர். ஐம்பத்து மூன்றுக்கு மேல் மொத்தம் பதினொரு பெண்கள் பிள்ளை பெற்றிருந்தார்கள். அத்தனையும் ஆண் பிள்ளை.

"மார்லென் அண்ணே, இந்த ஊர்க் குதிரைப் பாலை ஒரு பாட்டில் கட்டிக் கொடுங்க," என்றேன். "பிஷ்கெக் ஆஸ்பத்திரியில ஆராய்ச்சி பண்ணட்டும்."

"மலைக்காத்து," என்றார் மார்லென் விறைப்பாக. "அந்தக் காலத்துப் பெண்கள் திடமானவங்க."

"ஐம்பத்தஞ்சுல மூணாவது பேரு யாரு?" என்றாள் அக்கா. "பாத்மா. புருஷன் ஜுமாபெக். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணுல பெத்த பிள்ளை சுல்தனாலி. பெகிமாய், இது உன் தாத்தாதானே?"

பெகிமாய் தலையாட்டினாள்.

"அவருக்கு அண்ணன் உண்டா?"

"ஒருத்தர். எசென். போட்டோ வீட்டுச் சுவர்ல இருக்கு. போருக்குப் போனவர், திரும்பி வரலை."

"ரெண்டு பேருக்கும் எத்தனை வருஷ வித்தியாசம்?"

அவள் விரல்விட்டாள். "இருபத்தேழு."

"நடுவுல?"

"நடுவுல யாருமில்லை."

அக்கா ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்த்தாள். பதினொரு பிள்ளைகளும் வீட்டின் கடைக்குட்டி. பதினொன்றுக்கும் முன்னால் பதினெட்டு, இருபது, இருபத்தேழு என்று பெரிய இடைவெளி. கதைப் புத்தகத்தில் நடுப் பக்கங்களைக் கிழித்தது மாதிரி.

"யாரோ புகுந்து வேலை காட்டியிருக்காங்க, அக்கா," என்றேன். துப்பறியும் தொழிலுக்கு வந்ததிலிருந்து ஒரு சதியாவது கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருப்பவன் நான். "பதினொரு குடும்பத்துல பிள்ளையைத் திருடி..."

"மெலிஸ், இங்கே வா. ஒரு புது வரி போடணும். உன் விவரத்தை அடி. சும்மா சோதனைக்கு."

உட்கார்ந்தேன். பேர்: மெலிஸ். பிறந்த வருடம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. அப்பா: துர்சுன்பாய். அம்மா: கனிஷா. அம்மா பிறந்த வருடம்: முப்பத்து நான்கு. அடித்துவிட்டு எழுந்தேன்.

அக்கா க்வெரியை மறுபடி ஓட்டினாள். பதினொரு பேராக இருந்த பட்டியல் பன்னிரண்டாகிவிட்டது. ஐம்பத்தாறு வயதில் பெற்ற பிள்ளைகளோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது என் பேர்.

"உங்கம்மா உன்னைப் பெத்தப்ப ஐம்பத்தாறா?" என்றாள் அக்கா.

"ஆமா. இல்லை. இருங்க." எனக்கு வியர்த்தது. "கனிஷா அம்மா வளர்த்தவங்க. நான் வீட்டுக்கு மூத்த பேரன். பொறந்த உடனே தாத்தாவும் பாட்டியும் எடுத்துக்கிட்டாங்க, எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே. சர்டிஃபிகேட்லயும் அவங்க பேர்தான்."

"உன்னைப் பெத்தவரை எப்படிக் கூப்பிடுவே?"

"அண்ணன்னு."

"அவர் உனக்கு அண்ணனா?"

"இல்லை. ஆனா அப்படித்தான்..." வாயை மூடிக்கொண்டேன். முப்பத்தைந்து வருடமாக என்னோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இது தோன்றவேயில்லை. யாராவது அப்பா பேர் கேட்டால் துர்சுன்பாய் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். அது பொய்யும் இல்லை.

மார்லென் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீடு வீடாப் போய், உங்கப்பா யாருன்னு கேட்டீங்க," என்றாள் அக்கா அவரிடம். "எல்லாரும் மரியாதையா, யோக்கியமா பதில் சொன்னாங்க. வளர்த்தவர் பேரைச் சொன்னாங்க. அப்ப நடுவுல ஒரு தலைமுறை தொலைஞ்சுபோச்சு. பேரன் மகன் ஆயிட்டான். அப்பா அண்ணன் ஆயிட்டார்."

"நிரூபணம்?" என்றார் மார்லென். ஆனால் சத்தம் வெளியே வரவில்லை, காற்றுதான் வந்தது.

"சுல்தனாலி தாத்தா உயிரோட இருக்காரா?"

"இருக்கார்," என்றாள் பெகிமாய். அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். "மருந்துக்கடை வாசல்ல ஆடிக்கிட்டிருப்பார்!"

* * *

மருந்துக்கடை வாசலில் இரண்டு கிழவர்கள் குழிப்பலகையில் காய் போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்பத்து நான்கு வயதில் சுல்தனாலிக்குக் கண் மங்கியிருந்தது, கை மங்கவில்லை. எதிராளியின் காய்களை அள்ளிக்கொண்டுதான் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "தாத்தா, உங்களைப் பெத்தவர் எசென்தானே?"

எதிராளிக் கிழவர் சட்டென்று எழுந்து மருந்துக்கடைக்குள் போய்விட்டார். எதற்கு மருந்து வாங்கினாரோ தெரியாது.

"என் அப்பா ஜுமாபெக்," என்றார் சுல்தனாலி.

"வளர்த்தவர் அவர். தெரியும். பெத்தவர்?"

"மார்லென் வந்து அப்பா யாருன்னு கேட்டான். சொன்னேன். பெத்தது யாருன்னு அவன் கேக்கலை. யாரும் கேட்டதில்லை. கேக்கவும் கூடாது."

"தாத்தா!" என்றாள் பெகிமாய். "எனக்கு ஒரு படி குறையுது தாத்தா! ஒரே ஒரு படி! அந்த வார்த்தையைச் சொன்னா எனக்குக் கல்யாணம். சொல்லலைன்னா நான் தைலாக்குக்குத் தங்கச்சி!"

கிழவர் கையில் இருந்த காய்களை எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்து மறுபடி எண்ணினார்.

"எசென் அண்ணன் போனப்ப எனக்கு ஒரு வயசு ஆகலை," என்றார் கடைசியில். "மூஞ்சி ஞாபகமில்லை. போட்டோதான். என்னைப் பெத்தவ அப்புறம் வேற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிட்டா. பஞ்ச காலம். ஜுமாபெக் தன் வாய்க்குப் போனதை எடுத்து எனக்குக் கொடுத்தார். பனியில என்னை முதுகுல தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் விட்டார், அறுபத்தாறு வயசுல. அவரை அழிச்சிட்டு அந்த இடத்துல வேற பேரை எழுதச் சொல்றியா? நான் செத்து மேலே போனா அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? பெகிமாய்க்காக உயிரைக் கேளு, தரேன். இதைக் கேக்காதே."

பெகிமாய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் துர்சுன்பாயை அழிக்கச் சொல்லி யாராவது வந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன், கூட நாலு கெட்ட வார்த்தையோடு.

அக்கா பலகையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

"யாரையும் அழிக்க வரலை, தாத்தா. தப்பு உங்க மேலேயும் இல்லை, ஜுமாபெக் மேலேயும் இல்லை. பலகை செஞ்சவன் ஒரு குழி குறைச்சு வெட்டிட்டான். அந்த டேபிள்ல ஒரு ஆளுக்கு ஒரு அப்பாவுக்குத்தான் இடம் இருக்கு. நான் இன்னொரு கட்டம் சேக்குறேன். வளர்த்தவர்னு ஒண்ணு, பெத்தவர்னு ஒண்ணு. ஜுமாபெக் இருக்கிற இடத்துலேயே இருப்பார். பக்கத்துல எசென் வந்து உக்காருவார். ரெண்டு பேரும் அப்பனும் மகனும்தானே, சண்டை போட்டுக்கவா போறாங்க?"

சுல்தனாலி அவள் பக்கம் சாய்ந்தார்.

"அவர் பேர் அப்படியே இருக்குமா?"

"ஒரு எழுத்தும் நகராது."

"முதல்ல அவர் பேர் வரணும்."

"முதல்ல அவர் பேர்தான்."

கிழவர் காய்களைப் பையில் கொட்டிக் கட்டினார். "வண்டி எங்கே?" என்றார்.

* * *

அக்கா என் சோதனை வரியை அழித்துவிட்டு, சொன்னபடியே செய்தாள். 'வளர்த்தவர்' என்ற கட்டம் முதலில், 'பெற்றவர்' என்ற கட்டம் அதற்கு அடுத்து. இப்போதைக்கு மற்ற எல்லாருக்கும் இரண்டிலும் ஒரே எண். சுல்தனாலியின் வரியில் மட்டும் ஜுமாபெக்கின் எண்ணுக்குப் பக்கத்தில் எசெனின் எண். ஏழு படி ஏறும் க்வெரியை இனிமேல் பெற்றவர் கட்டத்தைப் பிடித்து ஏறும்படி மாற்றினாள்.

மார்லென் தொண்டையைச் செருமினார். "ஒரு சந்தேகம் கேக்கலாமா? சனிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை தாத்தா புது அப்பாவைக் கண்டுபிடிக்கிறார். பேத்திக்காகச் சொல்றார்னு ஊர் பேசாதா?"

"மத்த பத்து பேருக்கும் சனிக்கிழமை கல்யாணமா, அண்ணே?" என்றாள் அக்கா திரும்பாமலேயே. "அந்தப் பட்டியல்ல ஏழாவது வரியை இன்னும் நீங்க படிக்கலை போலிருக்கு."

நான் படித்தேன், சத்தமாக. ஐம்பத்து நான்கு வயதில் ஒரு பெண் பெற்ற கடைக்குட்டி. மார்லெனின் அப்பா.

மலைக்காற்றைப் பற்றி அவர் மறுபடி எதுவும் சொல்லவில்லை. போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

அக்கா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கேள்வியாக எழுதினாள். பெகிமாயின் ஏழு பேரிலோ தைலாக்கின் ஏழு பேரிலோ வருகிற, இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆள் யார்? ஓட்டினாள்.

திரை காலியாக இருந்தது. தலைப்புகள் மட்டும் மேலே, கீழே வெள்ளை.

"என்னாச்சு? கெட்டுப்போச்சா?" என்றாள் பெகிமாய். "ஒண்ணுமே வரலையே!"

"ஒருத்தரும் இல்லை, அதனால ஒண்ணும் வரலை," என்றாள் அக்கா. "இப்ப உனக்கும் கல்மிர்சா எட்டாவது. வெறும் வெள்ளைதாம்மா பதில். அண்ணே, இதை அச்சடிங்க."

"வெத்துத் தாளையா?"

"வெத்துத் தாளுக்குக் கீழே உங்க முத்திரை."

பெகிமாய் முதலில் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் மார்லெனை, அப்புறம் அச்சு இயந்திரத்தை. என்னைக் கட்டிக்கொள்வதற்குள் போனை எடுத்து, "தைலாக்! நீ எனக்கு யாருமில்லை! யாருமே இல்லை!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அந்தப் பக்கம் அவன் மயங்கி விழாமல் இருந்தால் சரி.

நான் சாவியை எடுத்தேன். சுல்தனாலி எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்திருந்தார். எசெனின் வரி திறந்திருந்தது. அதன் கடைசிக் கட்டங்களை அவர் விரல்வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இங்கே என்ன எழுதியிருக்கு, பொண்ணே?"

அக்கா பார்த்தாள். பிள்ளைகள் எண்ணிக்கை: பூஜ்யம். அடுத்த கட்டத்தில், வம்சம் அற்றவர்.

மார்லென் நிலைகொள்ளாமல் நின்றார். "நாங்க வேணும்னு எழுதலை, தாத்தா. நோட்டுல அப்படித்தான்..."

"உன்னைச் சொல்லலை. நான்தானே சொன்னேன். நீ வந்து எசென் அண்ணனுக்குப் பிள்ளை உண்டான்னு கேட்டே. இல்லைன்னு நானே என் வாயால சொன்னேன்." கிழவரின் விரல் அந்தப் பூஜ்யத்தின் மேலேயே இருந்தது. "வளர்த்தவர் மனசு நோகக் கூடாதுன்னு பாத்தேன். பெத்தவரைப் பாக்கவே இல்லை."

அக்கா அவர் விரலை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு அந்த இரண்டு கட்டங்களையும் டேபிளிலிருந்தே நீக்கிவிட்டாள். ஆறாயிரம் பேருக்கும்.

"ஐயோ!" என்றார் மார்லென்.

"பிள்ளைங்க எத்தனைன்னு எழுதி வைக்கக் கூடாது, அண்ணே. எழுதினா அன்னிக்கோட நின்னுபோகும். எப்ப வேணுமோ அப்ப எண்ணிப் பாக்கணும்."

எசெனின் எண்ணைக் கொடுத்து, இப்போது கீழ்நோக்கி இறங்கும் கேள்வி ஒன்று எழுதினாள். பெற்றவர் கட்டத்தில் இந்த எண் உள்ளவர்கள், அவர்களைப் பெற்றவராகக் கொண்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். ஓட்டினாள். மகன் ஒன்று. பேரப்பிள்ளைகள் ஐந்து. அடுத்தது பதினான்கு. அதற்கடுத்தது மூன்று. கீழே கூட்டுத்தொகை இருபத்து மூன்று.

கிழவர் ஒவ்வொரு பேராக உதட்டை அசைத்துப் படித்தார். தன் பேரில் தொடங்கி, குபாத்தைத் தாண்டி, பெகிமாயைத் தாண்டி, கடைசி வரைக்கும் படித்தார். நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று சொன்னால் அக்கா நம்பமாட்டாள், அதனால் சொல்லவில்லை.

"தப்பு," என்றார் சுல்தனாலி.

"என்ன தப்பு?" என்றாள் அக்கா.

"இருபத்து நாலு. போன வியாழக்கிழமை என் மூத்த பேரனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. இன்னும் பேர் வைக்கலை." மார்லென் பக்கம் திரும்பினார். "பேர் இல்லைன்னாலும் வரியைப் போட்டுடு. எங்கப்பாவுக்கு இருபத்து நாலு."

மார்லென் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.